பூண்டுத் தோல்

வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றினால், மூக்கரின் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சும்மா தடம் என்று நினைத்துவிடாதீர்கள். விரலை வைத்து அழுத்தினால் விரல் பதிந்து அப்படியே நிற்கும். மாடிப்படி ஏறி வந்த மூச்சு, சாப்பிட உட்காரும்வரை அடங்காது. மருத்துவரம்மா சுற்றி வளைக்காமல் மூக்கரின் மனைவியிடம் சொல்லிவிட்டார். "இதயம் களைச்சுப் போயிருக்கு. மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி உங்க அடுப்புலதான் இருக்கு. உப்பைக் குறைக்கலைன்னா, அடுத்த தடவை இவரை நீங்க கூட்டிட்டு வர மாட்டீங்க. ஆம்புலன்ஸ்தான் தூக்கிட்டு வரும்."

அன்றைக்கே அவருடைய மனைவி அலமாரியில் களையெடுத்தாள். சாஸ் பாட்டில்கள் போயின. சூப்புக்குப் போடும் கட்டிகள் போயின. பாலாடைக்கட்டி போயிற்று. கடை ரொட்டியின் உறையில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்தவள், "அடப்பாவி, உன்னையா நான் சாதுன்னு நினைச்சேன்!" என்று ரொட்டியிடமே சண்டை போட்டாள். மருத்துவரம்மா அனுமதித்த உப்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏறி, மேல் தட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டது.

அவளைத் தெருவில் எல்லாரும் கண்ணாடிக்காரி என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?" என்று கேட்பாள். நாள் முழுக்க அதே கேள்வி. வீட்டுக்கு வந்து சட்டை எடுத்துக் கொடுத்தாலும் "ஒண்ணா, ரெண்டா?" என்றுதான் வாயில் வரும். எதையும் ஏன், எப்படி என்று குடைந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

அவருக்கு மூக்கர் என்று பெயர் வைத்தது, அவர் வறுக்கிற வேலை பார்க்கும் காப்பிக்கொட்டைக் கடையில். வறுக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும். எந்த மூட்டை ஈரத்தில் கிடந்தது, எந்தக் கொட்டை போன வருஷத்துச் சரக்கு என்று புட்டுப் புட்டு வைப்பார். முதலாளி புதுச் சரக்கு வாங்கப் போனால் இவரையும் கூட்டிக்கொண்டுதான் போவார். ஊரில் எத்தனையோ பேருக்குப் பட்டம் பதவி இருக்கலாம். மூக்கால் பெயர் வாங்கியவர் இவர் ஒருவர்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்படிப்பட்ட மூக்குக்குச் சமைப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் கண்ணாடிக்காரி இறங்கினாள். உப்பு போன இடத்தை வாசனையால் நிரப்பிவிட்டால் தீர்ந்தது கதை! கோழியை எலுமிச்சைத் தோலும் பூண்டும் போட்டு அடுப்பில் வாட்டினாள். வெள்ளை பீன்ஸைச் சீரகம் வறுத்துப் பொடித்துப் போட்டு வேகவைத்தாள். உருளைக்கிழங்கின் மேல் வெண்ணெயில் பொரித்த வாசனை இலைகளைத் தூவினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்கிற அளவுக்கு மணம்.

மூக்கர் ஒரு வாய் வைப்பார். மெல்லுவார். மென்றுகொண்டே இருப்பார்.

"எப்படிங்க இருக்கு?"

"வாசனை எல்லாம் பிரமாதம். வாயில வச்சாதான் ஒண்ணுமே இல்ல. காகிதத்தை மெல்ற மாதிரி இருக்கு."

"கொஞ்ச நாள்ல நாக்கு பழகிடும்னு டாக்டர் சொன்னாங்க இல்ல?"

"நாக்கு பழகறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். ஆனால் ஆள் இளைக்கவில்லை. கணுக்கால் பள்ளமும் ஆழமாகிக்கொண்டே போயிற்று. கண்ணாடிக்காரிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. துவைக்கப் போடுகிற சாக்கில் அவருடைய மேல்சட்டைப் பையைத் துழாவினாள். கிடைத்தது ஒரு உப்புக்கடலைப் பொட்டலத்தின் காலி உறை, ஒட்டிக்கொண்டிருந்த உப்புத்தூள், கூடவே நாலைந்து வறுத்த காப்பிக்கொட்டை. கொட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உறையைச் சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூக்கர் திருதிருவென்று விழித்தார். "சும்மா... பசிக்கு."

"பசிக்கு இங்க சாப்பாடு இருக்கு. அங்க போய் உப்பை நக்கிட்டு வந்தா நான் எதுக்கு இங்க மாரடிக்கிறேன்? ஆம்புலன்ஸ் நம்பரை நானே செவுத்துல எழுதி வச்சுடட்டுமா?"

சண்டைக்கு வருவார் என்று பார்த்தாள், வரவில்லை. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் பிடிவாதம் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது.

சமையல்தான் மோசமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க நாத்தனார் வந்தாள். மேல்மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா, தையற்காரி. வாயில் ஊசி வைத்துக்கொண்டு பேசிப் பழகியதாலோ என்னவோ, பேச்சே குத்தும். தம்பி பெண்டாட்டியின் கையால் ஆன எதையும் நல்லது என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, பீன்ஸை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தட்டை வழித்தாள்.

"இதுல உப்பே இல்லையா? சத்தியமா?"

"சிட்டிகைதான், அண்ணி."

"பரவாயில்லையே. இதை விட்டுட்டா இவன் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கான்? டேய், உனக்கு நாக்கு செத்துப் போச்சா?"

அக்கா வேடிக்கையாகத்தான் கேட்டாள். மூக்கரோ சட்டென்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். கண்ணாடிக்காரி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மறுநாளிலிருந்து மேஜையில் இரண்டு கரண்டி வந்தது. ஒன்றில் சீரகம் போட்ட சூப், இன்னொன்றில் அதே சூப் இலை போட்டது.

"ஒண்ணா, ரெண்டா?"

"என்னடி இது, நான் என்ன உன் கடைக்குக் கண்ணாடி போடவா வந்திருக்கேன்?"

"சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"எதனால?"

"அந்த... இலை வாசனை நல்லா இருக்கு."

சரியாகத்தான் சொன்னார். அடுத்த நாளும் சரியாகச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொல்கிற ஆள்தான் சந்தேகத்துக்குரிய ஆள் என்பது அவளுடைய தொழில் அனுபவம். நிஜமாகப் பார்க்கிறவன் தடுமாறுவான், "இன்னொரு தடவை காட்டுங்க" என்பான். இவர் தடுமாறவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன் அவருடைய கண் ஒரு கணம் கரண்டியை விட்டு வெட்டுப்பலகைக்குப் போய்த் திரும்புகிறது. பலகையில் இலைக்காம்பு கிடந்தது.

அவளுக்கு ஒரு லாரி ஓட்டுநரின் ஞாபகம் வந்தது. உரிமம் புதுப்பிக்கக் கண் காட்ட வந்தவன். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தான். அட்டையை மாற்றி மாட்டினாள். அவன் பழைய அட்டையையே கடகடவென்று படித்தான்! உள்ளே நுழையும்போதே மனப்பாடம் பண்ணியிருக்கிறான். குட்டு வெளிப்பட்டதும் அவன் கோபப்படவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "எனக்கு இந்த வேலையைத் தவிர ஒண்ணும் தெரியாதும்மா" என்றான். அன்றைக்கு அவளால் சாப்பிடவே முடியவில்லை.

இங்கே யார் எதை மனப்பாடம் பண்ணுகிறார்? எதற்கு? பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். இந்த மனிதர் எப்போதிலிருந்து உப்பு உப்பு என்று கேட்க ஆரம்பித்தார்? கல்யாணமான புதிதில் அவள் உப்பை அள்ளிக் கொட்டினால், "ஏம்மா, வாசனையை அமுக்கிடுது" என்று கடிந்துகொண்டவர் ஆயிற்றே. அவரே சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பா வை என்று கேட்டது... போன குளிர்காலத்தில். அந்தப் பொல்லாத காய்ச்சலும் சளியும் வந்து எழுந்த பிறகு. அதற்கப்புறம்தான் டப்பா சீக்கிரம் சீக்கிரம் காலியாயிற்று. அதற்கப்புறம்தான் கால் வீங்கிற்று. கையிலிருந்த பாத்திரத்தைத் தேய்க்காமலே கீழே வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அட்டையை மாற்றி மாட்டினாள். வெட்டுப்பலகை நிறையப் பூண்டுத் தோல். நாலு பூண்டு முழுசாக உரித்துத் தோலை மட்டும் பரப்பி வைத்து, பூண்டைக் குளிர்பெட்டிக்குள் ஒளித்துவிட்டாள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் ஒரு பல்கூடப் போடவில்லை. அதற்குப் பதிலாக, கேக்குக்கு ஊற்றுகிற வெனிலாவை விட்டுக் கிளறினாள். அந்த வாசனையில் அவளுக்கே குமட்டிற்று.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நாத்தனாரும் இறங்கி வந்திருந்தாள். மூக்கர் வந்தார். பலகையைப் பார்த்தார். உட்கார்ந்தார். கரண்டியை வாயில் வைத்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"பூண்டு கமகமன்னு இருக்கு," என்றார் தலையை ஆட்டி. "உப்புதான் இல்ல."

அதே நேரம் நாத்தனாரும் ஒரு வாய் வைத்துவிட்டாள். "தூ! என்னம்மா கண்றாவி இது? கிழங்குல கேக்கு வாசனை அடிக்குது! பாட்டிலை மாத்தி ஊத்திட்டியா?"

மூக்கரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அக்காவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். நாத்தனாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. தம்பி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஊசி நாக்குக்காரி என்றாலும் முட்டாள் இல்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு, "மேல அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வரேன்" என்று நழுவிவிட்டாள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? கண்ணாடிக்காரி அந்த வெனிலாக் கிழங்கை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள்.

"காய்ச்சலுக்கு அப்புறமா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"கொஞ்சம்கூடவா?"

"சுத்தமா இல்ல. எரிஞ்சாலும் தெரியல, அழுகினாலும் தெரியல."

"என்கிட்டகூடவா சொல்லக்கூடாது? இத்தனை மாசம்! நான் பைத்தியக்காரி மாதிரி சீரகத்தை வறுத்து, எலுமிச்சைத் தோலைச் சீவி, எல்லாத்தையும் இல்லாத மூக்குக்குப் படைச்சிட்டிருந்திருக்கேன்!"

"சொன்னா உண்மையாயிடும்னு பயம். என் பேரே அதுதானே? கடையில தெரிஞ்சா நான் யாரு? மூட்டை தூக்கற ஆள்." கரண்டியைக் கீழே வைத்தார். "நாக்குல எனக்கு நல்லாத் தெரியறது உப்பு ஒண்ணுதான். அதை வச்சுத்தான் இது சாப்பாடுன்னே நம்பறேன். அதையும் நீ எடுத்துட்ட."

"அப்ப கடையில எப்படி வறுக்கறீங்க?"

"காதால."

கோபத்திலும் அவளுக்கு ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது. "காதாலயா? எப்படி?"

"கொட்டை வெடிக்கும். முதல்ல சுள்ளி ஒடியற மாதிரி கேக்கும். அது ஓஞ்சு, ஒரு அமைதி. அப்புறம் பொடிசா படபடன்னு அடுத்த வெடி. அந்த அமைதிக்குள்ள எப்ப இறக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. நிறத்தையும் பாத்துப்பேன். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல." சொல்லும்போது ஒரு துளி பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அடங்கிவிட்டது. "காப்பி போனாக்கூடப் பரவாயில்ல. காலையில எழுந்தா நீ பக்கத்துல இருக்கியான்னு கண்ணைத் திறந்துதான் பாக்க வேண்டியிருக்கு. முன்னெல்லாம் அப்படி இல்ல."

அவள் பூண்டுத் தோலை எல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, "சரி, மூக்கு இல்ல. மிச்சம் என்னென்ன இருக்கு?" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சமையலறை பரிசோதனைக் கூடமாயிற்று. கேள்வி பழசு, கரண்டிகள் புதுசு. புளிப்பு தெரிகிறதா? தெரிகிறது. மிளகாய்? எரிகிறது, அதற்கு மூக்கு எதற்கு! புதினா வாசனை இல்லை, ஆனால் வாய் குளிர்கிறது. இஞ்சி சுள்ளென்கிறது. தக்காளியை வற்ற வற்றச் சுண்டவைத்து, காய்ந்த காளானைப் பொடித்துப் போட்டால், "இதுல என்னமோ இருக்கு, நாக்கை விட்டுப் போக மாட்டேங்குது" என்றார். அன்றைக்கு அவள் குதித்த குதியில் மேல்மாடியிலிருந்து நாத்தனார் தரையைத் தட்டினாள். பல்லுக்கும் வேலை கொடுத்தாள். வழவழவென்ற சூப்பின் மேல் மொறுமொறுவென்று வறுத்த விதைகள், சூடான கிழங்கின் மேல் சில்லென்ற புளித்த தயிர். அனுமதித்த உப்பை வேகும்போது போட்டுக் கரைத்து வீணாக்காமல், கடைசியில் மேலாகத் தூவினாள். நாக்கில் முதலில் படுவது அதுதான். அதே சிட்டிகை, இரண்டு மடங்காகத் தெரிந்தது.

எல்லாமே தேறியது என்று சொன்னால் அது பொய். காளானும் வினிகரும் சேர்ந்த ஒரு கஷாயத்தை இரண்டு பேரும் சத்தமில்லாமல் தொட்டியில் ஊற்றினார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் வெங்காயத்தை அடுப்பில் மூடிவைத்துவிட்டு முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மூக்கர் தலை நிமிர்ந்தார். "இறக்கு."

"இன்னும் வாசனையே வரலையேங்க."

"சத்தம் மாறிடுச்சு. தண்ணி வத்திடுச்சு. இறக்குன்னா இறக்கேன்!"

ஓடிப்போய் மூடியைத் திறந்தாள். பொன்னிறம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அடிப்பிடித்திருக்கும். அன்றிலிருந்து அடுப்படியில் அவருக்கும் ஒரு இடம் கிடைத்தது. அவர் கேட்பார், அவள் மோந்து பார்ப்பாள்.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு வந்து, "முதல்ல நம்பவே இல்ல. அப்புறம் ஒரு மணி நேரம் கத்தினாரு," என்றார். "கடைசியில, இனிமே ஒவ்வொரு வறுவலையும் தானே மோந்து பாக்கறேன்னுட்டாரு. ஆனா அவரு மூக்கு நம்பற மாதிரி இல்ல." அதனால் பையில் கொட்டைகள் இப்போதும் வீட்டுக்கு வந்தன. முன்பெல்லாம் அவை எதற்கு வந்தன என்பதையும் அவள் தெரிந்துகொண்டாள். தினமும் படிக்கட்டில் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில், ஒருவேளை இன்றைக்காவது என்று மோந்து பார்ப்பாராம். அதைக் கேட்டு அவள் கொஞ்ச நேரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்போது கொட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, "சொல்லு" என்பார்.

"காப்பி வாசனை."

"அது ஒரு பதிலா? உன் கடையில வந்து ஒருத்தன் 'எழுத்து தெரியுது'ன்னா விட்டுடுவியா?"

அவளுக்கு ரோஷம் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மோப்பாள். மரம் சீவின வாசனை. பாகு கருகுகிற வாசனை. ஒரு நாள், "மழை பேஞ்ச சாக்கு" என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஈர மூட்டை! அடிச்சட்ட பாரு!" என்றார்.

மருத்துவரம்மா மறுபடி வரச்சொன்ன நாள் வந்தது. காலையிலேயே அவருக்கு உள்ளூர உதறல், காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கும் அப்படித்தான். மருத்துவரம்மா பட்டையைக் கையில் சுற்றி அழுத்தம் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். காலுறையை இறக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். தோல் எழும்பிப் பழையபடி ஆயிற்று.

"உப்பை நிஜமாவே குறைச்சுட்டீங்க போல. இவ்வளவு பிடிவாதக்காரர் எப்படி ஒத்துக்கிட்டார்?"

"ஒத்துக்கல, டாக்டர். மூக்கு போயிடுச்சுன்னு ஒப்புக்கிட்டாரு," என்றாள் கண்ணாடிக்காரி. மருத்துவரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார். மூக்குக்கும் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். சில பேருக்குத் திரும்புமாம், சில பேருக்குத் திரும்பாதாம்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்தார்கள். மூக்கர் காலுறையை இறக்கித் தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு பையைத் துழாவி ஒரு கொட்டையை எடுத்தார். "நேத்து கடைசி வறுவல். சொல்லு."

அவள் கண்ணை மூடி மோந்தாள். மறுபடியும் மோந்தாள். இன்றைக்குப் போய் இதைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியவா போகிறது?

"கருகிடுச்சுங்க," என்றாள். "லேசா. அடியில சாம்பல் மாதிரி."

மூக்கர் கொட்டையை வாங்கி உருட்டிப் பார்த்தார். முகம் வாடவில்லை. "அமைதி கொஞ்சம் நீண்ட மாதிரிதான் எனக்கும் பட்டுது. தெருவுல வண்டிச் சத்தம், கேக்க விடல," என்றார். தொலைபேசியை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நேத்து கடைசியா வறுத்ததை விக்காதீங்க, தனியா எடுத்து வைங்க. கருகல்... இல்லண்ணே, எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரி மோந்து பாத்துச் சொன்னா."

நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னார்.